இல்லத்து மரமும் அண்டை வீட்டாரின் உரிமையும்

புதுமனை கட்டுவோர் அரபுக் கல்லூரி ஆசிரியர்களை நாடி வந்து கேட்கும் ஐயங்களுள் மரம் செடி பற்றியவையும் உண்டு. வாசலில் முருங்கை நிற்கலாமா, எலுமிச்சை முள்மரமாயிற்றே, அது வீட்டில் சச்சரவைக் கொண்டுவரும் என்கிறார்களே, நாவல் மரத்தில் ஏதோ குடியிருக்கும் என்பது உண்மையா என்றெல்லாம் வினவுவார்கள். இவற்றுக்கு விடை ஒரு வரியில் அடங்கிவிடும்: சகுனம் பார்ப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. முருங்கையை வாசலில் தவிர்க்கச் சொன்ன முன்னோர், எளிதில் முறியும் அதன் கிளைகளையும், மழைக்காலத்தில் அடிமரத்தை அப்பிக் கிடக்கும் கம்பளிப் பூச்சிகளையும் எண்ணிச் சொல்லியிருக்கக் கூடும். காரணம் மறைந்து போக, அச்சம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

கேட்கப்பட வேண்டிய வேறு இரு வினாக்கள் உள்ளன. அவற்றை இதுவரை எவரும் எம்மிடம் கேட்டதில்லை. இந்த மரம் எவ்வளவு நீர் குடிக்கும்? இதன் வேரும் கிளையும் யாருடைய இடத்துக்குள் செல்லும்? முதல் வினா வீண்விரயம் என்னும் பாடத்தைச் சார்ந்தது. இரண்டாவது வினாவைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் நுணுக்கமாகவே பேசியிருக்கின்றன. அந்நூல்களை ஆண்டுதோறும் மாணவர்க்குப் போதித்துக்கொண்டே எமது வீட்டுக் கொல்லையில் அவற்றுக்கு மாறாக நடந்துகொண்ட அனுபவம் எமக்கு உண்டு. அதை மறைப்பதற்கில்லை, உரிய இடத்தில் கூறுவோம்.

அழகுக்காக மரம் செடி வளர்ப்பது உலகப் பற்றின் அடையாளம் என்று கருதுவோர்க்கு நீண்ட விடை தேவையில்லை. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. கையில் ஓர் இளங்கன்று இருக்கும் வேளையில் மறுமை நாள் வந்துவிட்டாலும், இயலுமாயின் அதை நட்டுவிடுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்ததாக முஸ்னது அஹ்மதில் அறிவிப்பு உண்டு. நடுவது நன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதை நடுவது, எங்கே நடுவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

இத்தடுமாற்றத்தின் வேரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு வரலாற்றாசிரியர் தம்மை அறியாமலே சுட்டிக் காட்டியிருக்கிறார். ஹிஜ்ரி 345இல் மறைந்த அல்மஸ்ஊதீ, தமது ‘முரூஜுத் தஹப்’ என்னும் நூலில் நாரன்ஜ் எனப்படும் நாரத்தை இனத்தைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். ஹிஜ்ரி 300க்குப் பின்னர் இந்திய நாட்டிலிருந்து அம்மரம் கொண்டுவரப்பட்டு முதலில் உமானில் நடப்பட்டது. அங்கிருந்து பஸராவுக்கும் இராக்குக்கும் ஷாமுக்கும் சென்று, எகிப்து வரையிலும் வீட்டுக்கு வீடு பெருகியது. ஆனால் தன் தாயகத்தில் அதற்கிருந்த நறுமணத்தையும் நிறத்தையும் அது இழந்துவிட்டது. அந்நாட்டுக்கே உரிய காற்றும் மண்ணும் நீரும் அங்கு அதற்குக் கிட்டாமையே காரணம் என்கிறார் அவர். நாரன்ஜ் என்னும் அரபுச் சொல்லே பாரசீகத்தின் நாரங்க் வழியாகவும், சம்ஸ்கிருதத்தின் நாரங்க வழியாகவும் நம் திராவிட மொழிகளின் நாரத்தை, நரந்தம் ஆகிய சொற்களோடு உறவுடையது என மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். சொல் பயணம் செய்து நிலைத்துவிட்டது. மரம் பயணம் செய்து, தன் மணத்தை விட்டுவிட்டது.

இன்று பயணம் எதிர்த் திசையில் நடக்கிறது. அன்று நம் கரையிலிருந்து அரபுக் கரைக்கு மரம் சென்றது. இன்று வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பும் நம் சகோதரர்கள் அங்குள்ள சாலையோரங்களிலும் மாளிகைச் சுற்றுச்சுவர்களிலும் கண்ட பசுமையை ஊருக்குக் கொண்டுவர விரும்புகின்றனர். விருப்பத்தில் குற்றமில்லை. அப்பசுமை அங்கே சொட்டுநீர்க் குழாய்களாலும், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீராலும், நாள்தோறும் கத்தரிக்கும் கூலியாட்களாலும் நிலைநிறுத்தப்படுகிறது என்பது பணிக்குச் சென்றவர் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை.

எமது ஊர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ளது. மணற்பாங்கான நிலம், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். கிணற்று நீர் பல தெருக்களில் உவர்ப்பு. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன் புதிய வீட்டிற்குக் குடியேறியபோது கீழைச் சுவரோரம் ஒரு பசுந்திரை வேண்டும் என்று எமக்குத் தோன்றிற்று. குவைத்தில் இருந்த மைத்துனர், அங்கெல்லாம் கோனோகார்பஸ்தான், உப்பு நீரையும் வெயிலையும் பொருட்படுத்தாது என்றார். நாற்றுப் பண்ணையிலும் அதையே புகழ்ந்தனர். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி எட்டுக் கன்றுகள் நட்டோம். ஈராண்டில் சுவரை விட உயர்ந்து, இலையுதிராத பச்சை மதிலாக நின்றன. விருந்தினர் வியந்தனர். எமக்கும் உள்ளூரப் பெருமைதான்.

நான்காம் ஆண்டு ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின், பக்கத்து வீட்டுக் காக்கா எம்மைத் தனியே அழைத்தார். “ஹஜ்ரத், கோவிச்சுக்கக் கூடாது. உங்க மரத்து வேரு நம்ம தண்ணித் தொட்டிக்குள்ள வந்திருச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்” என்றார். சென்று பார்த்தோம். நிலத்தடித் தொட்டியின் சுவரில் ஒரு மயிரிழை வெடிப்பு. அதன் வழியே குதிரைவால் போன்ற சிவந்த வேர்க்கற்றை உள்ளே தொங்கிக் கொண்டிருந்தது. இரண்டு மாதங்களாகத் தொட்டியில் நீர் நிற்கவில்லையாம். கழிப்பறைக் குழாயையும் வேர் அடைத்திருந்தது. எம்மிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியே இரண்டு மாதம் பொறுத்திருக்கிறார். அந்த ஆண்டு வகுப்பில் நாம் ஸுல்ஹு எனும் சமாதான ஒப்பந்தப் பாடத்தை நடத்திக் கொண்டிருந்தோம். கிளையும் வேரும் பற்றிய சட்டங்கள் அப்பாடத்தில்தான் வருகின்றன!

ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுவது இது. ஒருவருடைய மரக்கிளை அண்டை வீட்டாரின் வான்வெளிக்குள் நீண்டால், அதை அகற்றுமாறு கோரும் உரிமை அவருக்கு உண்டு. மரத்தின் உரிமையாளர் மறுத்தால் அண்டை வீட்டார் தாமே அதை வளைத்துத் திருப்பிவிடலாம். திருப்ப இயலாவிட்டால் வெட்டலாம். இதற்குக் காழியின் அனுமதியும் தேவையில்லை என்பதே வலுவான கூற்று. ‘கிளை இருக்கட்டும், பணம் தருகிறேன்’ என்று வெற்று வான்வெளியில் நிற்கும் கிளைக்கு விலை பேசி ஒப்பந்தம் செய்வதும் செல்லாது. வேர் பரவுவதும் கிளை பரவுவதைப் போன்றதே என்று அந்நூல்கள் ஒரே தொடரில் சொல்லிக் கடந்து செல்கின்றன. அத்தொடரை எத்தனையோ ஆண்டுகள் வாசித்து விளக்கியிருக்கிறோம். தொட்டிக்குள் தொங்கிய வேரைப் பார்த்த பின்னரே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று.

உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபீ மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பும் இதைப் பேசுகிறது. அண்டை வீட்டுக்குள் நீளும் கிளையைக் கட்டவோ வெட்டவோ செய்யலாம் என்றுரைக்கும் அது, மரத்தின் நிழல் பக்கத்துத் தோட்டத்துப் பயிரைப் பாதிக்கிறது என்பதற்காக மரத்தையே வெட்டச் சொல்ல முடியாது என்றும் வரம்பிடுகிறது. இன்னொரு விதியும் கருதத்தக்கது. கனி பறிக்க மரமேறுபவரின் பார்வை பக்கத்து வீட்டுப் பெண்கள் புழங்கும் இடத்தில் படுமாயின், அவர் ஏறும்போதெல்லாம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ஏறுவாராயின் நீதிமன்றம் தடுக்கலாம். நம் ஊர்களில் தென்னை ஏற வருபவர் அடியில் நின்று உரக்கக் குரல் கொடுத்துவிட்டு ஏறுவதை வெறும் ஊர் வழக்கம் என்றே பலர் எண்ணியிருக்கிறோம்.

இவை அனைத்துக்கும் மூலமாகத் திகழ்வது அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி. ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் சில பேரீச்சை மரங்கள் இருந்தன. அன்ஸாரி தம் குடும்பத்தாருடன் அங்கு வசித்தார். ஸமுரா மரத்தை நாடி வந்துபோவது அவர்களுக்குத் தொல்லையாயிற்று. விற்றுவிடுமாறும், வேறோரிடத்து மரங்களுக்கு மாற்றிக்கொள்ளுமாறும், நன்மையை நாடி அன்பளிப்பாக அளிக்குமாறும் அண்ணலார் (ஸல்) அவர்கள் படிப்படியாகக் கூறியும் அவர் இணங்கவில்லை. இறுதியில் அவரைத் தீங்கிழைப்பவர் எனக் கண்டித்து, அம்மரங்களைப் பிடுங்கிவிடுமாறு அன்ஸாரியிடம் கூறினார்கள். அறிவிப்பாளர் தொடரில் இடைமுறிவு உண்டென ஹதீஸ் கலை வல்லுநர்கள் குறிப்பிட்டுள்ளனர். அதை நாம் மறைக்கவில்லை. எனினும், தீங்கிழைத்தலும் பதிலுக்குத் தீங்கிழைத்தலும் கூடாது என்னும் பொது நெறி வேறு வழிகளில் வலுப்பெற்று, சட்டக் கலையின் தூண்களுள் ஒன்றாக நிற்கிறது. இந்நிகழ்ச்சியில் மரம் பேரீச்சை என்பதையும் எண்ணிப் பாருங்கள். அரபு மண்ணில் அதனினும் மதிப்புள்ள மரம் இல்லை.

எமது எட்டு மரங்களையும் வெட்டினோம். தொட்டியைச் சீர் செய்யும் செலவை ஏற்றுக்கொண்டோம். காக்கா பாதியையாவது தாம் தருவதாக வற்புறுத்தினார், நாம் இசையவில்லை. வெட்டிய அடிக்கட்டை மீண்டும் மீண்டும் தளிர்த்தது. வேரோடு தோண்டி எடுக்க ஆறு மாதம் ஆயிற்று. இம்மரத்தைப் பற்றிப் பின்னர் தேடிப் படித்தபோதுதான், சோமாலியா, யமன் கடற்கரைகளுக்குரிய இது வளைகுடாவிலேயே நீர்க்குழாய்களைச் சிதைப்பதாகக் குற்றம் சாட்டப்படுவதை அறிந்தோம். குஜராத் அரசு 2023இல் இதற்குத் தடை விதித்தது. 2025இல் தமிழ்நாடு அரசும் தடை செய்தது. சீமைக் கருவேலத்தை வரவேற்று, அதன் முள்ளில் இன்றளவும் நடந்துகொண்டிருக்கும் மாவட்டத்தில் பிறந்தும் நாம் இதை முன்னரே எண்ணாமற் போனோம்.

இனி, எதை நடலாம் என்பதற்கு வருவோம்.

தோட்டக்கலையில் முஸ்லிம்கள் விட்டுச் சென்ற நூல்கள் பல. டொலேடோவின் இப்னு பஸ்ஸால், செவில்லியின் இப்னுல் அவ்வாம் ஆகியோர் எழுதியவை புகழ் வாய்ந்தவை. இப்னுல் அவ்வாமின் ‘கிதாபுல் ஃபிலாஹா’ ஏறத்தாழ 585 தாவரங்களைப் பேசுகிறது. 1802இல் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. ஆயினும் வீட்டுத் தோட்டத்துக்கு எமக்கு உகந்தவராகத் தோன்றுபவர் அல்மேரியாவைச் சேர்ந்த இப்னு லுயூன். ஹிஜ்ரி 750இல் மறைந்த இவர் வேளாண்மை பற்றிச் செய்யுள் வடிவில் நூல் யாத்தவர். அதன் இறுதியில் வீடும் தோட்டமும் சேர்ந்த அமைப்பை விவரிக்கிறார். நீர்த்தொட்டியை அடுத்து இலையுதிராத, கண்ணுக்கு இனிய குறுஞ்செடிகள், சற்றே தள்ளிப் பலவகைப் பூச்செடிகள், அதற்கும் அப்பால் பசுமை மாறாத மரங்கள், சுற்றெல்லையில் கொடிகள், நடுவே ரோஜாவும் ஆஸ் என்னும் நறுமணச் செடியும் படர்ந்த ஓர் இருக்கை மண்டபம். அம்மண்டபத்தில் இருப்போர் நாற்புறமும் காண வேண்டும். ஆனால் அணுகி வருபவர் செவியில் அவர்களது உரையாடல் விழலாகாது. தோட்டம் அகலத்தினும் நீளம் மிக்கதாக இருந்தால் பார்வை அதில் விரிந்து செல்லும் என்கிறார்.

இதை அப்படியே நம் நான்கு சென்ட் மனையில் பெயர்த்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆயினும் அவரது ஒழுங்கில் ஒரு நியாயம் இருக்கிறது. நீருக்கு அருகில் சிறியது, தொலைவில் பெரியது! நமது வீடுகளில் கிணறு, தொட்டி, கழிவுநீர்க் குழி மூன்றும் எங்கே உள்ளன என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றிலிருந்து பதினைந்து அடிக்குள் மரம் என்று பெயர் பெற்ற எதையும் வைக்காமல், பூச்செடிகளோடு நிறுத்திக்கொள்வது நலம். இடமில்லையெனில் மரமே வேண்டாம். ஒரு மனையில் ஒரு மரம் போதும். மரமே இல்லாத மனையும் குறையுடையதன்று. அவர் வீட்டைத் தெற்கு நோக்கி அமைக்கச் சொல்வது கிரனாடாவின் குளிருக்காக. நமக்குப் பகை மாலை வெயிலும் கச்சான் காற்றின் புழுதியும் ஆதலால், ஒற்றை மரத்தை மேற்கில் நிறுத்தி, கடற்காற்று வரும் தென்கிழக்கைத் திறந்து விடுவதே எமது பரிந்துரை.

அந்த ஒற்றை மரம் எது? உவர் மண்ணும் கடற்காற்றும் உள்ள ஊர்களில் புன்னையும் பூவரசும் முன்னிற்கும். புன்னை மெல்ல வளரும், பொறுமை வேண்டும். தடித்துப் பளபளக்கும் இலையும், மஞ்சள் நடு கொண்ட வெண்பூவும், அடர்ந்த நிழலும் உடையது. அதன் விதை எண்ணெயில் ஒரு காலத்தில் விளக்கெரித்தனர். பூவரசு விரைந்து வளரும். மஞ்சளாய் விரிந்து மாலையில் சிவந்து வாடும் பூ. இலையைச் சுருட்டிச் சிறுவர் பீப்பி ஊதுவர். உவர்ப்புக் குறைந்த உள்ளூர்களில் மகிழத்தையோ சரக்கொன்றையையோ எண்ணலாம். வேம்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அதன் நிழலுக்கு ஈடில்லை. ஆனால் அது பெருமரம் என்பதை மறந்து சுவரோரம் நடுவோர் மிகுதி. செந்நிறப் பூக்களுக்காக விரும்பப்படும் மடகாஸ்கர் நாட்டுக் குல்மொகரை நாம் வீட்டுக்குப் பரிந்துரைப்பதில்லை. மேலோட்டமாகப் பரவும் வேர், பலமற்ற கிளை. புயல் வந்துபோகும் கரையில் இவ்விரண்டும் ஓட்டுக் கூரைக்கு ஆகாது.

இலந்தையைப் பற்றி ஒரு சொல். குர்ஆன் குறிப்பிடும் ஸித்ர் மரத்துக்கு நம் இலந்தை நெருங்கிய உறவு. ஸித்ரை வெட்டுவோரைக் கண்டிக்கும் ஒரு நபிமொழிக்கு, வழிப்போக்கருக்கும் விலங்குகளுக்கும் வெட்டவெளியில் நிழல் தரும் மரத்தை வீணே வெட்டுவதையே அது குறிக்கும் என்று இமாம் அபூதாவூத் (ரஹ்) விளக்கம் தந்துள்ளார்கள். இலந்தை வறட்சியைத் தாங்கும், உவரையும் ஓரளவு தாங்கும். முள்ளுடையது, ஆகவே குழந்தைகள் ஓடும் முற்றத்துக்கன்று, கொல்லை மூலைக்கு.

பேரீச்சையை நடுவதில் நம்மவர்க்குள்ள ஆசை தனித்தன்மை வாய்ந்தது. ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் மதீனாவின் அஜ்வாப் பழத்தை உண்டு, விதையை ஈரத்துணியில் பொதிந்து முளைக்கவைப்போரை நாம் அறிவோம். அந்த அன்பை மதிக்கிறோம். ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து வருபவற்றுள் ஏறத்தாழ பாதி ஆணாகவே அமையும். பெண்ணாக அமைந்தாலும் தாய்மரத்தின் பழத்தை அது தராது. இனம் மாறாமல் இருக்கத் தாய்மரத்தின் பக்கக் கன்றையே பிரித்து நடுவர். மதீனாவாசிகள் ஆண் பாளையைப் பெண் பாளையில் சேர்ப்பதைக் குறித்த நிகழ்ச்சியில், உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்னும் கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தோட்டக்காரரிடம் கேட்க வேண்டியதை ஹஜ்ரத்திடம் கேட்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அழகுக்காக மட்டும் ஒரு பேரீச்சை போதும் என்பார் தாராளமாக நடலாம். உவரைத் தாங்குவதில் அதற்கு நிகர் அரிது. பழத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

குறுஞ்செடிகளுக்கு வருங்கால் எமது உள்ளம் முதலில் மருதாணியிடம் செல்கிறது. வேலியாகவும் நிற்கும், தனிச் செடியாகவும் நிற்கும். வெட்ட வெட்டத் தழைக்கும். அதிக நீர் கேளாது. பெருநாள் இரவுக்குக் கடையில் கூம்புப் பொட்டலம் வாங்க வேண்டியதில்லை. அப்பொட்டலங்கள் சிலவற்றில் நிறம் கறுக்கச் சேர்க்கப்படும் வேதிப் பொருளால் பிள்ளைகளின் கை கொப்பளித்ததை நாமே கண்டிருக்கிறோம். மருதாணிப் பூவுக்கென்றே அரபு மொழி ஃபாகியா என்னும் தனிப்பெயரை வைத்திருக்கிறது. அதைச் சிறப்பித்து வழங்கும் அறிவிப்புகளின் தொடர்கள் பலவீனமானவை. அதன் மணத்துக்கு அறிவிப்பாளர் தேவையில்லை.

அடுத்தது மாதுளை. குர்ஆன் மூன்று இடங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கனி. சிறு முற்றத்துக்கும் ஏற்ற உருவம், தீக்கொழுந்து போன்ற பூ, மிதமான உவர்ப்பைப் பொறுக்கும் இயல்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தது. பிஞ்சைத் துளைக்கும் புழுதான் அதன் நோய். பிஞ்சிலேயே மெல்லிய துணிப்பை கட்டிவிட்டால் மருந்து தெளிக்க வேண்டியதில்லை. பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். ஃபஜ்ருக்கு எழுந்து உளூச் செய்ய முற்றத்துக்கு வருபவர் அதன் மணத்தின் மேலேயே நடக்கிறார். நந்தியாவட்டை பாதி நிழலிலும் பூக்கும். காகிதப்பூ எனும் போகன்வில்லா நீர் குறையக் குறைய நன்கு பூக்கும். வெட்சியைச் சுண்ணாம்பும் உவரும் மிகுந்த மண்ணில் வைத்து, இலை மஞ்சளிப்பதைக் கண்டு உரத்தை மேலும் கொட்டுவோர் பலர். அதற்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். இல்லாத ஊரில் அதை விட்டுவிடலாம். இலை விளிம்பு தீய்ந்தாற்போல் கருகினால் பெரும்பாலும் நீரின் உப்பே காரணம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் நீரையும் மண்ணையும் கொடுத்துப் பார்த்துவிட்டுச் செடி வாங்கச் செல்வது, வாங்கிவிட்டு வருந்துவதினும் மலிவு.

ரைஹான் பற்றிய ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிடுவோம். மேற்கு அரபு நாடுகளிலும் அந்தலூஸிலும் அச்சொல் இப்னு லுயூன் குறித்த ஆஸ் செடியைச் சுட்டும். கிழக்கு அரபு நாடுகளில் அது நம் திருநீற்றுப்பச்சிலையைச் சுட்டும். பெயரைக் கேட்டதும் ‘இது நமக்கு ஆகாதே’ என்று ஒதுங்குவோர், நோன்பு திறக்கும் நேரத்தில் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை அச்செடியினுடையதே என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். தொட்டியிலும் வளரும், கையால் தடவினாலே மணக்கும்.

நச்சுச் செடிகளில் எச்சரிக்கை வேண்டும். அரளியும் பொன்னரளியும் பார்வைக்கு அழகியவை, வறட்சிக்கு அஞ்சாதவை. இவற்றின் விதையும் இலையும் இதயத்தைத் தாக்குபவை. குர்பானிக்கென ஆடு வளர்க்கும் வீட்டில் கத்தரித்த அரளிக் கிளையை வேலியோரம் போட்டுவைப்பது ஆட்டை இழக்கும் வழி. அறைக்குள் நிழலில் வைக்கப்படும் டிஃபன்பேக்கியாவின் புள்ளியிட்ட இலையைத் தவழும் குழந்தை கடித்தால் வாயும் நாவும் வீங்கிவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இவை வேண்டாம்.

நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது புல்தரையில்தான் தொடங்குகிறது. கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் நீர் வேண்டும். நானூறு சதுர அடியில் புல் பதித்தவர் அன்றாடம் ஏறத்தாழ 185 லிட்டர் ஊற்றியாக வேண்டும். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஆதாரபூர்வமான செய்தி. அது முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு நாள் புல்லுக்கு ஊற்றுவது இருநூற்றைம்பது உளூக்களுக்குரிய நீர். குடிநீர் வண்டிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் இது எப்படித் தோன்றும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

மாறாக, உளூச் செய்த நீரையே தோட்டத்துக்குத் திருப்பலாம். ஷாஃபிஈ மத்ஹபில் பயன்படுத்தப்பட்ட நீர் தூய்மையானது. ஆனால் மீண்டும் தூய்மைப்படுத்தாது. ஆகவே உளூவுக்கு ஆகாத அது செடிக்கு ஆகும். ஆறு பேர் உள்ள வீட்டில், ஒருவர் ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் செலவிட்டாலும் ஐவேளைக்கு அறுபது லிட்டர் சேரும். சிறு வீட்டின் பூச்செடிகளுக்கு அது பெரும்பாலும் போதும். உளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாயை மாதுளையின் அடிக்கு விட்டிருக்கிறோம். சோப்பு கலந்த குளியல் நீர் கல்வாழைக்கும் வாழைக்கும் செல்கிறது.

நடும் காலம் ஐப்பசியின் முதல் மழை. கோடையில் நடுவோர் கன்றையும் நீரையும் சேர்த்தே இழப்பர். குழியைக் கன்றின் பையை விட மூன்று மடங்கு அகலமாக வெட்டி, மணற்பாங்கான மண்ணில் மக்கிய எருவையும் சிறிது களிமண்ணையும் கலந்து நிரப்பி, மேலே காய்ந்த சருகைப் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும். சருகைக் கூட்டிக் கொளுத்துவது நம் ஊர்களில் காலை வேளையின் கடமை போலாகிவிட்டது. அது செடியின் உணவைச் செடியின் கண் முன்னே எரிப்பதாகும்.

எமது கொல்லையில் இன்று மேற்கு மூலையில் ஒரு புன்னை, சுவரிலிருந்து பதினெட்டு அடி தள்ளி, இப்போதுதான் ஆளுயரம் வந்திருக்கிறது. எட்டு மரங்கள் நின்ற கீழைச் சுவரோரம் மருதாணி. அதனூடே ஒரு குண்டுமல்லி. அரேபிய மல்லிகை என்று மேலைநாட்டார் அழைக்கும் இதுவும் நம் பக்கத்திலிருந்து அக்கரைக்குச் சென்றதே. சென்ற ஆண்டு அதன் கொடி சுவரேறி அப்பால் இறங்கிவிட்டது. நாம் கத்தரிக்கோலோடு சென்றபோது, காக்காவின் பேத்தி சுவருக்கு அந்தப்பக்கம் நின்று, “வெட்ட வேண்டாமாம், உம்மம்மா சொல்லச் சொன்னாங்க” என்றாள். கிளை நிற்க விலை பேசுவது செல்லாது என்றுதான் நூல்கள் கூறுகின்றன; விலையின்றி மனமுவந்து விட்டுக்கொடுப்பதைத் தடுக்கவில்லை. அஸருக்குப் பின் அந்தப்பக்கத்து மொட்டுக்களை அவர்கள் பறித்துக்கொள்கிறார்கள்.